இழுவையும் நிறுத்தமும்: மொகிலிக் கணவாய் முதல் பழவேற்காடு வரை

மைசூர்ப் பீடபூமியின் கிழக்கு விளிம்பு சித்தூர் மாவட்டத்தில் சட்டென்று சரிகிறது. பலமநேர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மொகிலிக் கணவாயில் இறங்கிச் சித்தூரை அடைந்தால் உயரம் பாதியாகிவிடும். திருப்பதி 160 மீட்டர்தான். அங்கிருந்து ஸ்ரீகாளஹஸ்தி, நாயுடுபேட்டை, சூளூர்ப்பேட்டை என்று கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் வங்கக் கடல். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது, பழைய சித்தூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியோடு நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியும் சேர்ந்துகொண்டது. ஏழுமலையும் ஏரியும் ஒரே ஆட்சியரின் கீழ் வந்தன.

இந்தச் சரிவில் மேலும் கீழுமாகப் பாரம் இழுத்தவர்களுக்கு மாடு, ஆள்பலம், காற்று, நீராவி, டீசல் என்று விசை மாறிக்கொண்டே வந்தது. எது மலிவு, எது ஆபத்தில்லாதது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு காலத்திலும் அதற்குக் கிடைத்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பாரத்தை நகர்த்தும் பலத்தை எப்படியோ திரட்டிவிட்டார்கள். நகர்ந்துகொண்டிருக்கும் பாரத்தைப் பிடித்து நிறுத்துவதில்தான் பணமும் உயிரும் போயின.

கணவாய்களில் வண்டித்தடம் இல்லாத காலத்தில் பொதிமாடுதான் வழி. நாடோடி வணிகர்களான லம்பாடிகளின் மந்தைகள் உப்பும் தானியமும் சுமந்து கடற்கரைக்கும் பீடபூமிக்கும் இடையே போய்வந்தன. பொதிமாட்டுக்குச் சாலை வேண்டாம். இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும் தொல்லையும் இல்லை. மாடு நின்றால் மூட்டையும் நின்றுவிடும். ஆனால் ஒரு மாடு சுமப்பது நூறு கிலோவுக்குச் சற்று மேல். அதே மாடுகள் இரண்டை நுகத்தில் பூட்டினால் நல்ல சாலையில் ஒரு டன் வரை இழுக்கும். சக்கரத்தின் லாபம் இவ்வளவு பெரியது என்பதால்தான் அதோடு சேர்ந்து வந்த ஆபத்தையும் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

மூட்டையாகப் பிரிக்க முடியாத பாரம் பீரங்கி. 18ஆம் நூற்றாண்டுப் போர்களில் படைகள் இந்தக் கணவாய்கள் வழியே போயின. பாகாலாவுக்கு அருகிலுள்ள தாமல்செருவுக் கணவாயில் 1740இல் ஆற்காடு நவாப் தோஸ்த் அலி மராட்டியரோடு மோதி உயிரிழந்தார். 1791 பிப்ரவரியில் காரன்வாலிஸ் பிரபு ஆம்பூர்ப் பக்கம் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு வடக்கே திரும்பி, சித்தூர் வழியாக மொகிலிக் கணவாயில் தன் படையை ஏற்றினார். பீரங்கிகளை இழுக்க மாடுகள் போதாமல் யானைகளும் வந்தன. ஏற்றம் நல்லபடியாக முடிந்தது, மார்ச்சில் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போன பிறகுதான் இழுவை கைவிட்டது. தீனியில்லாமலும் நோயாலும் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அந்தப் போரில் தோற்காத தளபதி, இழுக்க மாடில்லாத காரணத்தால் தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

எதிர்ப்பக்கம் மைசூர் அரசு இந்தக் கணக்கை முன்னமே போட்டு வைத்திருந்தது. சிக்கதேவராஜ உடையார் காலத்திலிருந்து அரண்மனைக்கென்று வளர்க்கப்பட்ட மந்தையை ஹைதர் அலி பெருக்கினார். திப்பு அதற்கு அம்ரித் மஹால் என்று பெயரிட்டார். இந்த மாடுகளும் இவற்றின் உறவான ஹள்ளிக்காரும் உடல் சிறுத்தவை, நடை வேகமானவை. பீரங்கியோடு படையின் வேகத்துக்கு ஈடுகொடுப்பதற்கே தேர்ந்து வளர்க்கப்பட்டவை. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு மந்தை ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் வெலிங்டன் கோமகன், இந்த மாடுகளின் மதிப்பை நன்றாக அறிந்தவர்.

குடியானவனின் தேர்வு வேறு. அவனுக்கு வேகம் வேண்டாம். வடக்கே ஓங்கோல் மாடு பெரிய உடம்பு, மெதுவான நடை, கனத்த பார வண்டிக்கு ஏற்றது. தீனியும் அதற்கேற்ப வேண்டும். சித்தூர் மாவட்டத்துக்கே உரிய புங்கனூர்க் குட்டைமாடு மூன்றடி உயரம்கூட எட்டாது. வறட்சியில் கிடைத்ததைத் தின்று பிழைக்கும், சிறு நிலத்தை உழும். ஆனால் கணவாயில் வெல்லம் ஏற்றிய வண்டிக்கு அதை யாரும் பூட்ட மாட்டார்கள். வாங்கும் விலையைவிட நாள்தோறும் ஆகும் தீனிச்செலவே மாட்டின் உண்மையான விலை என்பது இப்பகுதி விவசாயிக்குத் தெரிந்திருந்தது. அதனால் பலர் வீட்டுக்குச் சிறிய மாடு வைத்துக்கொண்டு, பாரத்துக்கு வாடகை வண்டியைப் பிடித்தார்கள். இன்றைக்கு வண்டி வாங்குவோரும் யோசிக்க வேண்டிய ஏற்பாடு அது. புங்கனூர் இனம் அருகிப்போன பின்பு பலமநேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் அதைக் காத்துவருகிறது.

நுகத்தில் ஒரு பெரிய குறை உண்டு. ஏற்றத்தில் மாட்டின் திமில் நுகத்தைத் தள்ளுகிறது, வண்டி நகர்கிறது. இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளும்போது பின்வாங்கிப் பிடித்துக்கொள்ள மாட்டுக்கு வழியில்லை. குதிரைச் சேணத்தில் பின்தொடையைச் சுற்றி வரும் வார் அந்த வேலையைச் செய்யும். மாட்டுக்கோ நுகம் கொம்பை நோக்கி நழுவும், ஏர்க்கால் மேலே எழும்பும். ஆகவே கணவாயில் இறங்கும் வண்டிக்காரர்கள் சக்கரத்தை உருள விடாமல் கயிற்றால் கட்டி இழுபடச் செய்தார்கள், அல்லது வண்டியின் பின்னால் ஒரு மரத்துண்டைக் கட்டித் தரையில் உரசவிட்டார்கள். பின்னாளில் சக்கரப் பட்டாவை அழுத்தும் கட்டை பிரேக் வந்தது. பாரம் ஏற்றும்போது முன்பாரமா பின்பாரமா என்று பார்ப்பதும் இதே காரணத்தால்தான். பின்பாரம் ஏறிய வண்டி மாட்டின் கழுத்தைத் தூக்கும். முன்பாரம் மிகுந்தால் கழுத்தை அமுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் சற்றே முன்பாரமாக வைப்பதுதான் வழக்கு.

இழுப்பது எளிது, நிறுத்துவது அரிது என்பதைக் கோயில் தேரைவிடத் தெளிவாகக் காட்டும் வாகனம் இல்லை. திருமலை பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் தேர். வடம் பிடிக்க ஆயிரம் கைகள் வரும், ஆளுக்கு அழைப்பே தேவையில்லை. நிறுத்தும் வேலையோ முட்டுக்கட்டையைச் சக்கரத்தின் கீழ் சொருகும் சிலருடையது. தேரின் திசையைத் திருப்புவதும் அவர்களே. தேர்விழாக்களில் விபத்து நடந்தால் அடிபடுவதும் பெரும்பாலும் சக்கரத்தின் அருகில் இருப்பவர்கள்தான். பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் தமிழ்நாட்டின் பல தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது.  

மலையடிவாரத்தில் நிலைமை இப்படியிருக்க, கடலோரத்தில் வேறோர் உலகம் இருந்தது. அங்கே சரிவே கிடையாது. பழவேற்காடு ஏரி வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம், சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. டச்சுக்காரர்கள் 1610வாக்கில் ஏரியின் தென்முனையில் தங்கினார்கள். ஆங்கிலேயர் 1626இல் வடக்கே துர்க்கராஜபட்டணத்தில் பண்டகசாலை அமைத்தார்கள். அவர்கள் ஆர்மகான் என்றழைத்த அந்த இடத்திலிருந்துதான் பிரான்சிஸ் டே தெற்கே போய்ச் சென்னைக்கு இடம் பிடித்தார். சென்னை வளர்ந்ததும் அதற்கு அடுப்பெரிக்க விறகும், உப்பும், வீடுகட்டச் சுண்ணாம்பும் வேண்டியிருந்தன. ஏரிப்பகுதியில் மூன்றும் இருந்தன. ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காடு விறகுக்கு, ஏரியின் கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு.

1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகரின் முதலீட்டில் சென்னையிலிருந்து எண்ணூர்வரை உப்புநீர்க் கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. பிறகு அது பழவேற்காடு ஏரியோடு இணைந்தது. 1837இல் சென்னை அரசு அதை எடுத்துக்கொண்டு வடக்கே நீட்டிக்கொண்டே போனது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சத்தில், சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் துண்டு நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் முழுக் கால்வாய்க்கும் வைக்கப்பட்டது. அந்தப் பஞ்சத்தில் இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்ததையும், அந்த அளவு உயிர் தாங்காது என்று மருத்துவ அதிகாரி கார்னிஷ் எதிர்த்ததையும் சேர்த்தே இந்தக் கால்வாயை நினைக்க வேண்டும். முடிவில் கால்வாய் சென்னைக்கு வடக்கே 315 கிலோமீட்டர் தொலைவில் பெத்தகஞ்சாம் வரையும், தெற்கே 103 கிலோமீட்டர் தொலைவில் மரக்காணம் வரையும் நீண்டது. பெத்தகஞ்சாமிலிருந்து கொம்மமூரு கால்வாய் கிருஷ்ணா நதிக்கும், அங்கிருந்து டெல்டாக் கால்வாய்கள் கோதாவரிக்கும் கொண்டுபோயின. கடலில் இறங்காமலே காக்கிநாடாவிலிருந்து சென்னைக்குப் படகு வரலாம்.

பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இந்தியாவுக்கு ரயிலைவிடக் கால்வாயே மலிவு என்று வாதாடி ஓயாதவர். அவருடைய கணக்கின் அடிப்படையை இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் காணலாம். சாலையில் இரண்டு டன் இழுக்கும் குதிரை, கால்வாய்க் கரையில் நடந்து 25 முதல் 30 டன் படகை இழுத்தது. மெதுவாகப் போகும்வரை தண்ணீர் கொடுக்கும் தடை மிகச் சிறியது. பக்கிங்காம் கால்வாயில் குதிரையோ மாடோ பூட்டப்படவில்லை. படகாட்களே கரையிறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். காற்று வாய்ப்பாக இருந்தால் பாய் விரித்தார்கள், ஆழம் குறைந்த இடத்தில் கழி ஊன்றித் தள்ளினார்கள், இரண்டும் உதவாதபோது கயிறு. படகில் எப்படியும் இருக்க வேண்டிய ஆட்களே இழுவையும் ஆகிவிட்டதால் தனிச்செலவு இல்லை. இந்தக் கடற்கரையில் இதைவிட மலிவான இழுவை முன்னும் இல்லை, பின்னும் வரவில்லை. அந்த மலிவில் பாதி, கயிறு இழுத்தவருக்குக் கொடுக்காத கூலி என்பதையும் மறக்கலாகாது.

வாடைக்காற்று வீசும் மாதங்களில் சென்னைக்கு வரும் படகுக்குப் பாய் போதும். தெற்கிலிருந்து சோழகம் எழும் கோடையில் வடக்கே போவது சுலபம். எதிர்த்திசையில் போகிறவர்களுக்கே கயிறு. அதை எங்கே கட்டுவது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முனையில் கட்டினால் கரையிலிருந்து இழுபடும் படகு கரையை நோக்கியே மூக்கைத் திருப்பும். முனைக்குச் சற்றுப் பின்னால், பாய்மரத்தில், கொஞ்சம் உயரத்தில் கட்டினால் கயிறு கரைப் புதரில் சிக்காது, சுக்கான் பிடிப்பவருக்கும் படகை நேராக வைத்திருக்க இடம் கிடைக்கும். பாலம் வந்தால் பாய்மரத்தைச் சாய்க்க வேண்டும்.

அபாயம் எல்லாம் நிற்குமிடத்தில் இருந்தது. ஆறுகள் கால்வாயைக் குறுக்கிடும் இடங்களில் நீர்மட்டத்தைக் காக்க, கதவுகள் கொண்ட லாக்குகள் கட்டப்பட்டன. பல டன் விறகோடு நகரும் படகுக்குப் பிரேக் கிடையாது. கயிற்றை விட்டுவிட்டால் படகு நிற்காது, போய்க் கதவில் இடிக்கும். ஆகவே கரையில் நட்ட கட்டையில் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அதை மெல்ல நழுவவிட்டு வேகத்தைக் குறைப்பது உலகெங்கும் கால்வாய்ப் படகாட்களின் பாடம். கயிற்றுக்கும் கட்டைக்கும் இடையிலான உராய்வே அவர்களுடைய பிரேக். வேகத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. கல் பாவாத மண்கரையை எந்திரப் படகு எழுப்பும் அலை அரித்துத் தூர்த்துவிடும். இழுத்துச்செல்லும் படகின் மந்தமே கால்வாயின் ஆயுளைக் காத்தது.

சென்னையில் படகுகள் வந்து சேர்ந்த குளமே பேசின் பிரிட்ஜுக்குப் பெயர் தந்தது. அதையடுத்த உப்புக் கொட்டாரங்களின் பெயர் இன்னும் ரயில்வே வழக்கில் இருக்கிறது. 1899இல் சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் இடையே கூடூர் வழியாக ரயில் தொடர்ந்து ஓடத் தொடங்கியது. சூளூர்ப்பேட்டையும் தடாவும் நாயுடுபேட்டையும் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. அவசரமான சரக்கு ரயிலுக்குப் போனது. விறகும் உப்பும் கிளிஞ்சலும் படகிலேயே இன்னும் அரை நூற்றாண்டு பயணம் செய்தன. லாரி வந்த பிறகு அவையும் சாலைக்கு மாறின. 1965, 1966, 1976 புயல்கள் கரைகளை உடைத்துக் கால்வாயைத் தூர்த்தன, பழுதுபார்க்க யாரும் முனையவில்லை. சென்னையில் 1990களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நடப்பட்டன. 2008இல் தேசிய நீர்வழி 4 என்று அறிவிக்கப்பட்ட பாதையில் இந்தக் கால்வாயும் அடக்கம். சூளூர்ப்பேட்டைப் பக்கம் படகு இழுக்க யாரும் திரும்பி வரவில்லை.

விறகுக் காட்டின் கதை வேறு திசையில் திரும்பியது. ராக்கெட் ஏவுதளத்துக்கு இடம் தேடிய விண்வெளித் துறை 1969இல் ஸ்ரீஹரிகோட்டாவைத் தேர்ந்தது. ஏரியின் குறுக்கே சூளூர்ப்பேட்டையிலிருந்து போடப்பட்ட கரைச்சாலை தீவைத் தரையோடு கட்டியது. ஏரியின் வடபகுதியில் நீரோட்டத்தை அந்தக் கரை தடுக்கிறது என்ற குறை இன்றும் பேசப்படுகிறது. 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது. மிகப் பெரிய திட எரிபொருள் மோட்டார்கள் தீவிலேயே வார்க்கப்படுகின்றன. அத்தனை கனத்தைச் சாலையில் இழுத்துவரும் தலைவலி அதனால் இல்லை. 2005இல் பயன்பாட்டுக்கு வந்த இரண்டாம் ஏவுதளத்தில், கட்டடத்துக்குள் நிறுத்தி வைத்துக் கோத்த ராக்கெட்டை மேடையோடு தண்டவாளத்தில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நகர்த்துகிறார்கள், மனிதன் நடப்பதைவிட மெதுவாக. 1981இல் ஆப்பிள் செயற்கைக்கோளின் ஆன்டெனாச் சோதனைக்குப் பெங்களூரில் மாட்டுவண்டி பிடித்ததும் இதே துறைதான். உலோகமில்லாத வண்டி வேண்டியிருந்தது, மரவண்டி வாடகைக்குக் கிடைத்தது.

மலைப்பக்கம் எஞ்சின் வந்தது 1944இல். அதுவரை திருமலைக்கு நடையும் டோலியும்தான். 1944 ஏப்ரலில் ஆளுநர் ஆர்தர் ஹோப் திறந்து வைத்த முதல் மலைப்பாதையை வடிவமைத்தவர் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா. ஏறத்தாழ 19 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. 1970களில் இரண்டாம் பாதை வந்தபின் ஏறுவது புதியதில், இறங்குவது பழையதில் என்று பிரித்தார்கள். இங்கே நடைமுறையில் இருக்கும் விதி ஒன்று இந்தக் கட்டுரையின் பொருளை எண்ணிலேயே சொல்லிவிடுகிறது. வண்டிகள் ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடம் எடுக்க வேண்டும். முன்னதாக வந்தால் அபராதம். ஏற எஞ்சின் எவ்வளவு திணறினாலும் அது ஓட்டுநரின் கவலை. இறங்குகிறவன் வேகம்தான் அதிகாரிகளின் கவலை. பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஏறும்போது போட்ட தாழ்ந்த கியரிலேயே இறங்கி, எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுவதுதான் மலையோட்டுநரின் வழக்கம். 2022 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகள் இதை ஒருபடி மேலே கொண்டுபோயின. இறக்கத்தில் அவற்றின் மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தும்போதே பேட்டரிக்கு மின்சாரம் திரும்புகிறது.

வயல்பக்கம் மாட்டுக்குப் பதிலாக டிராக்டர் வந்தது. சென்னையில் டாஃபே 1960இல் தொடங்கியது, மஹிந்திராவின் டிராக்டர் நிறுவனம் 1963இல். சித்தூர் மாவட்டத்தில் கரும்பும் வெல்லமும், ஜூன் ஜூலையில் தோத்தாபுரி மாம்பழமும் டிராக்டர் டிரெய்லரில்தான் நகர்கின்றன. பழக்கூழ் ஆலைகளின் வாசலில் மைல்கணக்கில் நிற்கும் டிராக்டர் வரிசை அந்தப் பருவத்தின் அடையாளம். உழவுக்கு வாங்கிய எந்திரமே சரக்கும் இழுப்பதால் தனி லாரி வேண்டியதில்லை, மலிவு அங்கே இருக்கிறது. மாட்டு வண்டியின் பழைய குறையும் கூடவே வந்தது. பெரும்பாலான டிரெய்லர்களில் பிரேக் இல்லை. நான்கு டன் டிரெய்லரை இரண்டு டன் டிராக்டர் ஒன்று தன் பின்சக்கர பிரேக்கால் மட்டும் நிறுத்த வேண்டும். பாகராப்பேட்டை, மொகிலி போன்ற இறக்கங்களில் பாரம் முந்திக்கொண்டு தள்ளினால் டிராக்டர் மடங்கித் திரும்பிக்கொள்ளும். கொக்கி மாட்டுமிடமும் முக்கியம். பின்னச்சுக்குக் கீழே தாழ்வாக மாட்டினால் இழுவை டிராக்டரைத் தரையோடு அமுக்கும். அச்சுக்கு மேலே மாட்டினால் முன்சக்கரம் தூக்கிப் பின்னால் கவிழக்கூடும்.

கடற்கரையில் டிராக்டர் நுழைந்ததற்குக் காரணம் படகு மாறியது. கட்டுமரத்தை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டை கட்டையாகத் தோளில் தூக்கி மேட்டில் காயவைத்துவிடுவார்கள். பெரிய தோணியை அம்பாப் பாட்டுப் பாடிக் கூட்டமாக இழுத்தார்கள். 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் ஏற்றக்கூடிய புதிய வகைப் படகுகளைச் சோதித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரத்தை ஓரங்கட்டின. இவற்றைப் பிரிக்க முடியாது. மோட்டாரும் வலையும் சேர்ந்தால் நாலைந்து பேரால் அசைக்க முடியாது. துறைமுகம் இல்லாத பல கிராமங்களில் கரைக்கொரு டிராக்டர், படகுக்கு இவ்வளவு என்ற வாடகையில், அந்த வேலையைச் செய்கிறது. ஆயிரம் கிலோ படகுக்காக யாரும் சொந்த வண்டி வாங்கவில்லை. வெல்லம் ஏற்ற வாடகை வண்டி பிடித்த சித்தூர் விவசாயியின் கணக்கேதான் இதுவும்.

கரையில் மட்டுமல்ல, சாலையிலும் இழுக்கப்படும் படகு உண்டு. பாய்மரப் படகைப் பொழுதுபோக்குக்கு வைத்திருப்போர் இந்தியாவில் மிகச் சிலர். சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் பழமையானது. ஒற்றை ஆள் ஓட்டும் லேசர் படகின் உடல் 59 கிலோதான், கார் கூரையிலேயே கட்டிவிடலாம். இருபதடிப் படகு, டிரெய்லர் எடையோடு ஒரு டன்னைத் தாண்டும்போதுதான் இழுக்கும் வண்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். பெங்களூரிலிருந்து ஒருவர் அப்படியொரு படகைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்தால், காரன்வாலிஸ் ஏறிய கணவாயில் அவர் இறங்குவார். எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுந்தும்படி படகை டிரெய்லரில் முன்தள்ளி வைக்க வேண்டும். பின்பாரம் மிகுந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கி வண்டியையும் இழுத்துப்போட்டுவிடும். ஏரிநீரில் இறக்கிய டிரெய்லரின் பேரிங்கையும் பிரேக்கையும் உப்பு அரிக்கும். நல்ல தண்ணீரில் கழுவாத பிரேக் இருந்தும் இல்லாததே. மோட்டார் வாகனச் சட்டம், 1988 டிரெய்லரைத் தனி வாகனமாகவே கருதுகிறது, அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

ஏரியிலிருந்து சிறிது தொலைவில், தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில், இசுசு நிறுவனம் 2016 ஏப்ரல் முதல் டி-மேக்ஸ் பிக்கப் வண்டிகளைச் செய்கிறது. படகு இழுப்பது அன்றாட வழக்கமான ஆஸ்திரேலியாவில், இதே வரிசையின் 3 லிட்டர் வண்டிக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் எல்லை, டிரெய்லரில் பிரேக் இருந்தால் 3,500 கிலோ, இல்லாவிட்டால் 750 கிலோ. ஐரோப்பாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோவே வரம்பு. பிரிட்டனில் அது இழுக்கும் வண்டியின் எடையில் பாதியையும் தாண்டக் கூடாது. ஆகையால் பழைய பிக்கப் ஒன்றோடு பிரேக் வைத்த டிரெய்லர் வாங்குவது, புதிய பெரிய வண்டியோடு பிரேக் இல்லாத டிரெய்லர் வாங்குவதைவிடச் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு.